கத்தியக்காவின் வாக்குமூலம்

ஆஸ்பத்திரியில் தலை மழிக்கும் அறையின் கண்ணாடி உடைந்திருக்கிறது என்று கத்தியக்கா மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்று முறையும் பராமரிப்பு மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா உடைஞ்சிருக்கு? உன் கண்ணுலதான் கோளாறு" என்று திட்டிவிட்டுப் போனார். நாலாம் முறை அவள் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு பழைய துண்டை எடுத்து, கண்ணாடிக்கு மேலே ரெண்டு ஆணி அடித்துத் தொங்கவிட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஆணி அடித்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாளே தவிர, யாரிடமும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

அந்த அறையைத் தினமும் பெருக்கித் துடைத்தவள் நான் என்பதால் எனக்குத் தெரியும். கண்ணாடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. தலை மழித்த பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கண்ணாடியைத்தான். எதற்காக மழித்தார்கள் என்பது அதற்குள் அவர்களுக்கு மறந்திருக்கும். அலறுவார்கள். துண்டு தொங்கிய நாளிலிருந்து அலறல் பாதியாகக் குறைந்தது.

இப்படிச் செய்தவளை நல்லவள் என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொன்னதில்லை. அவள் வாய் அப்படி. கையில் ஒரு கத்தி, வாயில் ஒரு கத்தி என்று நர்ஸ்கள் வைத்த பெயர்தான் கத்தியக்கா. அதற்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பேராவது கூரா இருக்கே. உங்க ஊசி மாதிரி மொட்டையா இல்லாம" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் ஒரு பெண்கள் முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தவள். முதலாளியம்மாவின் நாத்தனார் வந்து உட்கார்ந்து, படத்தைக் காட்டி, இதேபோல் வெட்டு என்று கேட்டிருக்கிறார். "வெட்டலாம். அந்தப் படத்துல இருக்கற மூஞ்சிய எங்க போய் வாங்கறது?" என்று கேட்டாளாம். அன்றைக்கே வேலை போயிற்று. புருஷன் லாரிப் பட்டறையில் வேலை பார்த்து, நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டபோது, "ஒருத்தி இருந்தா" என்றாள். இறந்துவிட்டார் போல என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் அல்சைமர் வியாதிக்கு, அதாவது ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிற வியாதிக்கு, ஒரு புதுச் சிகிச்சையைச் சோதனையாகத் தொடங்கியிருந்தார்கள். அதற்குத் தலையைச் சுத்தமாக மழிக்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு ஆள் இருந்தார். தங்கள் தாயின் தலையில் ஒரு ஆண் கத்தி வைப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சண்டை போட்டதால் கத்தியக்காவை வேலைக்கு எடுத்தார்கள்.

சேர்ந்த முதல் வாரமே அவள் மெஷின் ஓட்டும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவரை எல்லோரும் ஹெல்மெட்காரர் என்போம். "நான் எதுக்குச் சிரைக்கிறேன்னு எனக்குத் தெரிய வேணாமா? சொல்லு" என்றாள்.

"கேளுக்கா. மூளையில ஒரு அழுக்கு படியுது. அதைத் துடைக்க ஆன்டிபாடின்னு ஒரு மருந்து. கை நரம்புல டிரிப்ஸ் ஏத்தறோம். ஆனா ரத்தக்குழாய்க்கும் மூளைக்கும் நடுவுல ஒரு காவல் இருக்கு. கண்டதை உள்ள விடாது. இந்த மருந்தையும் விடமாட்டேங்குது. நூறு பங்கு ஏத்தினா ஒரு பங்கு போனாப் பெரிசு."

"மீதி?"

"உடம்பைச் சுத்திட்டு வீணாத்தான் போகுது. அதுக்குத்தான் இந்த ஹெல்மெட். காதுக்குக் கேக்காத சத்தத்தை நாலாப் பக்கத்துலேருந்தும் ஒரே இடத்துக்கு அனுப்பும். ரத்தத்துல முன்னாடியே பொடிப்பொடிக் குமிழி விட்டிருப்போம். சத்தம் பட்டதும் அது ஆடும். அந்த ஆட்டத்துல அந்த இடத்துக் காவல் கொஞ்சம் நெகிழும். மருந்து உள்ள போயிடும். ஒரு நாள்ல தானா மூடிக்கும்."

"மருந்து உள்ள போற வழியில, உள்ள இருக்கறது வெளிய ஓடிடாதே?"

"ஞாபகமா? அதெல்லாம் ஓடாதுக்கா."

"ஓடினாச் சொல்லு. நானும் ஒண்ணு மாட்டிக்கறேன். எனக்கு மறக்க வேண்டியது நிறைய இருக்கு."

தலையில் திருகு வைத்த ஒரு சட்டத்தைப் பூட்டி, குளிர்ந்த தண்ணீர் நிறைந்த ரப்பர்ப் பையைச் சுற்றிப் பொருத்தி, அதற்கு வெளியே ஹெல்மெட்டை மாட்டுவார்கள். ஒரே ஒரு முடிக்காலில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் சத்தம் தடுமாறும். முதல் நாள் மழித்த தலைகூட உதவாது, காலைக்குள் முள் கிளம்பிவிடும். அதனால் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மழிக்க வேண்டும். டிரிப்ஸ் முடிந்து ரெண்டு மணி நேரத்துக்குள் ஹெல்மெட் மாட்டியாக வேண்டும். மழிக்கும்போது ஒரு கீறல் விழக் கூடாது. விழுந்தால் அன்றைய சிகிச்சை ரத்து.

கத்தியக்கா முதலில் கத்தரி போடுவாள். பிறகு டிரிம்மர். பிறகு வெந்நீர்த் துண்டைச் சுற்றி ஊறவிட்டு, நுரை தடவி, பிளேடு. கடைசியில் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்துத் தலை முழுக்க இழுப்பாள். பஞ்சில் ஒரு நூல் பிரிந்து தலையில் ஒட்டினால் அங்கே முடி இருக்கிறது என்று அர்த்தம். திரும்ப நுரை, திரும்ப பிளேடு. ஹெல்மெட்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு குறை கண்டுபிடித்ததில்லை.

அடியும் வாங்குவாள். கடியும் வாங்குவாள். முன்கையில் ஒரு பல்வரிசைத் தழும்பு இருந்தது. மழித்து முடித்த ஐந்தாம் நிமிடம் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவடி என் முடிய எடுத்தவ?" என்று அந்தப் பெண்கள் இவளிடமே கேட்பார்கள். "ஓடிட்டாம்மா. பிடிக்க ஆள் போயிருக்கு" என்பாள் இவள். "கிடைச்சா விடாதே." "விடுவேனா? நானே ரெண்டு வைக்கிறேன்."

ஒரு நாள் காலை நான் துடைப்பத்தோடு உள்ளே போனபோது அவள் மறுநாளைய பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு பெயரின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"என்னக்கா?"

"எங்க அக்கா வர்றா."

"இறந்துட்டாங்கன்னு நினைச்சேனே!"

"அவளைப் பொறுத்தவரைக்கும் நான்தான் செத்தவ. பத்தொன்பது வருஷம் ஆச்சு."

அன்றுதான் விஷயத்தைச் சொன்னாள். அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இவளோடு இருந்தார். அக்கா வேறு ஊரில் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ரெண்டு மாதத்துக்கு ஒரு தரம் வந்து, அம்மாவின் இடுப்பு வரைக்கும் இருந்த முடியைச் சீவிப் பின்னிவிட்டுப் போவார். அடுத்து அவர் வருவதற்குள் முடி சிக்குப் பிடித்து, பின்மண்டையில் புண் வந்து, புண்ணுக்குள் பேன் இறங்கிவிட்டது. இவள் மழித்துவிட்டாள். பதினோராம் நாள் அம்மா இறந்துவிட்டார். அக்கா வந்து பார்த்தது மொட்டைத் தலையோடு கிடந்த அம்மாவைத்தான். அத்தனை சொந்தத்தின் முன்னால், "என்னைக் கேக்காம எங்க அம்மாவ அசிங்கப்படுத்தி அனுப்பிட்டியேடி" என்று இவள் முகத்தில் காறித் துப்பினாராம். அதன் பிறகு பேச்சே இல்லை.

"நாளைக்கு நான் கத்தியோட போய் நின்னா அவ தலையக் குடுப்பாளா?"

"ஆண்கள் பக்கத்துக்காரரை அனுப்பச் சொல்லுங்களேன்."

"அவன் கை எனக்குத் தெரியும், கீறிடுவான். இந்த வியாதிக்கு நேரம் முக்கியம்னு டாக்டர் தினம் கத்தறாரு. ஆரம்பத்துலயே செஞ்சாத்தான் உண்டு. ரெண்டு தடவை தவறினாப் பட்டியல்லேருந்து பேரையே அடிச்சிடுவாங்க. வெளிய எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

மறுநாள் அவள் மாஸ்க் போட்டு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. "சொல்லிட்டே செய்ங்கக்கா. மறைச்சுச் செய்யறது நிக்காது" என்றேன். "நீ முடியப் பெருக்கு, போதும்" என்றாள்.

அவளுடைய அக்கா வந்தார், எங்களுக்குப் பெரியம்மா. நல்ல உயரம். நரைத்த முடியை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். கூட ஒரே மகள். அவர் படிவத்தில் கையெழுத்துப் போட வெளியே போனார். பெரியம்மாவின் ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மற்றக் கையின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. முப்பது வருடம் டைப் அடித்த விரல்கள்.

"மொட்டையா அடிக்கப் போறே?" என்றார்.

கத்தியக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அடி. எங்க வீட்ல ஒருத்தி இருந்தா. எங்க அம்மாவுக்கே மொட்டையடிச்சவ. தங்கச்சின்னு பேரு. சனியன்."

கத்தரி நடந்தது. டிரிம்மர் நடந்தது. பெரியம்மா நிறுத்தவில்லை. தங்கச்சி சின்ன வயதில் கூட்டுறவுக் கடை வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை போட்டது, பரீட்சையில் தோற்றது, புருஷனைத் தானே தேடிக்கொண்டது, எல்லாவற்றையும் அவளிடமே சொல்லித் திட்டினார். "மூஞ்சியப் பார்த்தா முட்டிக்கிட்டு வர்ற எருமை மாதிரி இருப்பா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கத்தியக்காவின் கை மட்டும் அசையவில்லை. நுரை தடவி முன்பக்கம் முழுவதும் முடித்து, காதுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"மழிச்சா பாரு, ஒரே வாரத்துல எங்க அம்மா போய்ச் சேர்ந்துட்டா. மொட்டையடிச்சே கொன்னுட்டா."

"ஒரு வாரம் இல்ல, பதினோரு நாள்" என்றாள் கத்தியக்கா.

பெரியம்மா சடக்கென்று தலையைத் திருப்பினார். பிளேடு அங்கேதான் இருந்தது. அரை விரல் நீளத்துக்கு வெள்ளை நுரையில் சிவப்பு ஓடிற்று.

அறை நிறைய ஆள் கூடிவிட்டது. தலைமை நர்ஸ் கத்தினார். டாக்டர் வந்து புண்ணைப் பார்த்தார். "இந்த மருந்துக்கே மூளையில ரத்தம் கசியற அபாயம் உண்டு. எல்லாம் சுத்தமா இருந்தாத்தான் நான் ஹெல்மெட்டைத் தொடுவேன். இன்னைக்கு இல்ல" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். டிரிப்ஸ் பாட்டில் அப்போதே காலியாகியிருந்தது. மருந்து ஏறியது ஏறியதுதான். அதை மூளைக்குள் விடக் காவலைத் திறக்க வழியில்லை.

மகள் ஓடி வந்தார். தாயின் பாதித் தலையையும் ரத்தத்தையும் பார்த்தார். பிறகு மாஸ்க்குக்கு மேலே இருந்த கண்களைப் பார்த்தார்.

"சித்தி?"

கத்தியக்கா பிளேடைத் தட்டில் வைத்தாள்.

"நீங்களா? வேணும்னே வெட்டினீங்களா? பத்தொன்பது வருஷம் காத்திருந்து எங்க அம்மா தலையிலயே வெச்சீங்களா?"

"வேணும்னு வெட்டறவ காதுக்குப் பின்னாடியா வெட்டுவா?"

இதுதான் பதிலா! நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரு மன்னிப்பைக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

புகார் போயிற்று. கத்தியக்காவை மழிக்கும் அறையிலிருந்து எடுத்துச் சலவைப் பிரிவில் போட்டார்கள். ஒரு மாதம் அவள் கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்பு மடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்ப்பேன். "அங்க மண்டை, இங்க போர்வை. போர்வை திட்டறதில்ல, அதான் சலிப்பா இருக்கு" என்றாள். ஒரு விரிப்பை மடித்து வைத்துவிட்டு, "ரெண்டாவது தடவையும் தவறினா அவ பேரு போயிடும்" என்றாள். பெரியம்மாவுக்காகத் தினமும் வேண்டிக்கொள்வதாக நான் சொன்னதற்கு, "வேண்டிக்கோ. ஆனா அவ புண்ணு ஆறிடுச்சான்னு யார்கிட்டயாவது கேட்டுட்டும் வா" என்றாள்.

அடுத்த மாதம் பெரியம்மா வந்த அன்று ஆண்கள் பக்கத்துக்காரர்தான் கத்தியோடு நின்றார். டிரிப்ஸ் முடியும் தறுவாயில் இருந்தது. அவர் கிட்டப் போனதும் பெரியம்மா வெந்நீர்த் துண்டை அவர் முகத்தில் எறிந்தார்.

"இந்தத் தடியன் யாரு? மாஸ்க் போட்ட பொம்பளை எங்க? அவகிட்ட நான் பாதிதான் சொல்லியிருக்கேன்."

"அம்மா, அவங்க இல்லம்மா. இவர் செய்யட்டும்."

"அவ பதினோரு நாள்னு சொன்னா. அவளுக்கு எப்படித் தெரியும்? கூப்பிடு அவளை. சாட்சிய ஒளிச்சு வெச்சுட்டு என்ன விசாரணை?"

மகள் திகைத்துப் போனார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. வீட்டு விலாசத்தையே ரெண்டு தடவை யோசிப்பார். டாக்டர் சொன்னார், "கோபத்தோட சேர்ந்தது சில சமயம் ஒட்டிக்கும். மத்தது வழுக்கிடும்." ஆண்கள் பக்கத்துக்காரர் மறுபடி முயன்றார். பெரியம்மா அவர் விரலைக் கடித்தார். டிரிப்ஸ் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "போ, அந்த வாயாடியக் கூட்டிட்டு வா" என்றார்.

நான் படியில் இறங்கியதைவிட அவள் ஏறியது வேகம். கையைத் தேய்த்துக் கழுவி, பெட்டியிலிருந்து மாஸ்க்கை எடுத்தாள். வாசலில் மகள் குறுக்கே நின்றார்.

"அது வேணாம்."

"மூஞ்சியப் பார்த்தா உங்கம்மா தலையக் குடுக்க மாட்டா."

"குடுக்கலைன்னா வேணாம். அன்னைக்குப் பாட்டிக்கு எங்க அம்மாவக் கேக்காம செஞ்சீங்க. போன மாசம் எங்க அம்மாவுக்கே கேக்காம செஞ்சீங்க. நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு சொல்லுவீங்க. அந்த நல்லதை எங்க மூஞ்சியப் பார்த்துச் செய்ய உங்களுக்கு வராதா சித்தி?"

கத்தியக்கா கையிலிருந்த மாஸ்க்கை ஒரு முறை பார்த்தாள். மாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெரியம்மாவுக்கு எதிரில், அவர் கண்ணுக்கு நேராக, ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா. நான்தான்."

பெரியம்மா முன்னால் குனிந்து பார்த்தார். கைப்பிடியில் விரல்கள் நின்றுவிட்டன.

"எருமை" என்றார்.

"ஆமா."

"நீதான் போன தடவை என் தலையில கத்தி வெச்சியா?"

"நான்தான். மூஞ்சிய மறைச்சுக்கிட்டு வந்தேன். அது தப்பு."

"அம்மாவ ஏன் என்னைக் கேக்காம மழிச்சே?"

"பின்மண்டையில புண்ணு. புண்ணுல பேன். வலியில முனகிக்கிட்டே இருந்தா."

"அதைக் கேக்கல. போன் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"என் ஆபீஸ் நம்பர் உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா நீ வேணாம்னு சொல்லுவே. சொன்னா நான் மழிக்க முடியாது. அதனால கூப்பிடல."

விரல்கள் மறுபடி தட்ட ஆரம்பித்தன. அந்தப் பதிலை எழுத்து எழுத்தாக அடிப்பதுபோல் இருந்தது.

"முடியவாவது வெச்சிருந்தியா?"

"இல்ல. எரிச்சிட்டேன்."

"நான் பத்தொன்பது வருஷமா அந்த முடியக் கனாவுல சீவறேன்டி, பாவி."

ஹெல்மெட்காரர் கதவிடுக்கில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவர் காட்டியதைப் பெரியம்மாவும் பார்த்துவிட்டார்.

"உன்னை நான் மன்னிக்கல. தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப மழி. கீறினே, கையை ஒடிச்சிடுவேன்."

மகள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். "ஆதாரம் இருக்கட்டும்" என்றார். "எடு. இடப்பக்கமா நின்னு எடு, அந்தப் பக்கம்தான் நான் பார்க்கற மாதிரி இருப்பேன்" என்றாள் கத்தியக்கா. குரல் சரியாக வரவில்லை. கை மட்டும் சரியாக இருந்தது. பஞ்சை இழுத்தாள். ஒரு நூல் பிரியவில்லை. நேரம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது பெரியம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மொத்தம் ஆறு முறை ஹெல்மெட் மாட்ட வேண்டும், மாதத்துக்கு ஒன்று. அடுத்த மாதம் பெரியம்மா வந்து உட்கார்ந்தார். முக்காலியில் இருந்தவளை அடையாளம் தெரிந்தது. கேள்வியும் ஞாபகம் இருந்தது. பதில்தான் இல்லை.

"அம்மாவ ஏன் என்னைக் கேக்காம மழிச்சே?"

கத்தியக்கா முதலிலிருந்து சொன்னாள். புண், பேன், போன், நம்பர், நீ வேண்டாம் என்பாய், எரித்துவிட்டேன். பெரியம்மா அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல் துடித்தார். பாவி என்றார். மன்னிக்கவில்லை என்றார். பிறகு மழி என்றார். மூன்றாவது முறையும் அப்படியே. நாலாவது முறை துப்பிவிட்டார். கன்னத்தில் விழுந்ததைக் கையால் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பிளேடை எடுத்தாள்.

"ஏன்க்கா ஒவ்வொரு தடவையும் முழுசாச் சொல்றீங்க? போன மாசமே நீங்க என்னை மன்னிச்சிட்டீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டா அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?" என்று தலைமை நர்ஸ் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நேரம் போகிறதே என்றுதான் கேட்டார்.

"தெரியாதுதான். அதுக்காகத்தான் சொல்றேன்" என்றாள். "அவளுக்குத் தெரியாம தலையில கை வெச்சு ரெண்டு தடவை பட்டாச்சு."

வாய் திறந்தால் கடிக்கிற அவளிடமிருந்து அந்த ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது, கோவிலில் உட்கார்ந்து கேட்டதைவிடக் குறைவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னையும் ஒரு வழி பண்ணியிருப்பாள்.

ஆறாவது முறை. கத்தியக்கா வழக்கம்போல முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மகள் போனைத் தூக்கிப் பிடித்தார். பெரியம்மா பேசவில்லை. கத்தியக்கா காத்திருந்தாள். டிரிப்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கேக்கலையா?" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

"எதை?"

"அம்மாவ ஏன் மழிச்சேன்னு."

"அதான் வாக்குமூலம் வாங்கியாச்சே. போன் இருந்தும் கூப்பிடல. ஒரு கேஸுக்கு எத்தனை தடவை டைப் அடிக்கறது? மழி."

மகள் போனைத் தாழ்த்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். கத்தியக்கா எழுந்து கண்ணாடியை மூடியிருந்த துண்டுப் பக்கம் திரும்பி நின்றாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. "என்னடி நிக்கறே? மன்னிக்கல, அதையும் எழுதிக்கோ" என்றார் பெரியம்மா. "எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு நுரையை எடுத்தாள்.

மகள் டாக்டரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கவனமாகத்தான் பேசினார். "ஹெல்மெட் பட்ட இடத்துல அழுக்கு குறைஞ்சிருக்கு, ஸ்கேன்ல தெரியுது. ஆனா ஞாபகப் பரீட்சையில மார்க் ஏறல, இறங்கவும் இல்ல. இந்த மருந்து போனதைத் திருப்பித் தராது. போற வேகத்தைக் குறைக்கும்னு நம்பறோம். ஒரு நாள் ஒண்ணு ஞாபகம் இருந்துச்சுன்னு கணக்குப் போடாதீங்க. அஞ்சு தடவை கேட்டதாலகூட இருக்கலாம்." மகள் தலையாட்டினார். முழுதாகக் கேட்டுக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது.

புறப்படும்போது சக்கர நாற்காலியில் இருந்தபடியே பெரியம்மா திரும்பிப் பார்த்தார். "இவ வேலைக்குப் போயிட்டா வீட்ல ஆளில்ல. பகல் பூராச் சுவத்தைத் திட்டிக்கிட்டிருக்கேன். சுவரு வாங்கிக்குமா? நீ வந்து இரு."

"எனக்கு வேலை இருக்கு."

"மொட்டையடிக்கறதெல்லாம் ஒரு வேலை. வான்னா வா."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "வாங்க சித்தி. நான் ஒண்ணும் உங்களை மறந்துடல. ஆனா வாங்க" என்றார்.

கத்தியக்கா ஒரு வாரம் யாரோடும் சண்டை போடவில்லை. எட்டாம் நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அவள் இடத்துக்கு எடுத்த பெண்ணுக்கு, பஞ்சு இழுக்கச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கற்றுக்கொண்ட மூன்று நாளும் அந்தப் பெண் அழுதாள்.

கடைசி நாள் சாயங்காலம், பின்கேட் வரைக்கும் நான் கூட நடந்தேன். ஆம்புலன்ஸ்கள் திரும்புகிற இடம் அது. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அன்று அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னது இதுதான்:

"அவ என்னை மறக்கற அன்னைக்கு இங்க வந்து நிப்பேன். நான் சீக்கிரம் வரணும்னு மட்டும் உன் சாமிகிட்ட வேண்டித் தொலைச்சிடாதே."